புதிதாய்ச் சேருகிறவர் யாரைக் கேட்பது?

(அம்பத்தூர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



வீட்டிலிருந்து வேலை செய்வதைப்பற்றிப் பேசும்படி சொன்னார்கள். 2020 மார்ச்சுக் கடைசியில் ஊரடங்கு வந்தபோது அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வேலை நின்றுவிடவில்லை. ஆகவே, ஆபீசில் வந்து உட்கார்ந்தால்தான் அந்த வேலை நடக்கும் என்பது வெறும் பழக்கமே என்று அன்றைக்கே ருசுவாகிவிட்டது.

அது பழைய ஆட்களுக்குச் சரி. புதியவருக்கு? தொழிற்பேட்டைப் பட்டறையில் சேர்ந்த பையன் கடைசல் எந்திரத்தின் பக்கத்தில் நின்று மூத்த தொழிலாளியின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். பூந்தமல்லியில் ஓர் அறை வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண் யாருடைய கையைப் பார்ப்பாள்? "சந்தேகமிருந்தால் கேள்" என்கிறார்கள். எதைக் கேட்பதென்று தெரிந்திருந்தால் அவள் ஏன் புதியவள்?

தோழர்களே, தொழில் விஷயம் எழுத்தில் இல்லாவிட்டால் வாயில் இருக்கும். வாயில் இருப்பது தெரிந்தவனுக்குத்தான் போகும்; ஒரே கல்லூரிக்காரனுக்கு, ஒரே ஜாதிக்காரனுக்குப் போகும். காதோடு காதாய் ஓதி, மற்றவன் காதில் விழாமல் காத்த வித்தையால் இந்த நாடு பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. ஆபீசிலாவது பக்கத்து மேஜைப் பேச்சு காதில் விழும். டெலிபோன் பேச்சு விழாது. குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெற்று ஆவடியிலிருந்து வருகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க மாமனுமில்லை, சித்தப்பனுமில்லை.

கிட்லாப் என்ற கம்பெனி ஆபீசே இல்லாமல் பல தேசத்து ஆட்களைக்கொண்டு நடக்கின்றது. தன் நடைமுறையை ஒரு கைப்புத்தகமாய் எழுதி, உலகத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கின்றது. புதியவருக்கு, செய்யவேண்டியவற்றின் பட்டியலும் துணைக்கு ஒரு பழைய ஆளும் உண்டு. இதில் மந்திரம் ஒன்றுமில்லை.

பெண்கள் சங்கதி வேறு. பிரசவ விடுப்புக்குப்பின், வேலை இடங்கொடுத்தால் பேசி ஒப்புக்கொண்டு வீட்டிலிருந்தே செய்யலாம் என்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று அடுப்பையும் குழந்தையையும் அவள் தலையிலேயே கட்டினால் சட்டம் என்ன செய்யும்? புருஷன் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் உத்தியோகம். அவள் சாத்தினால் திமிராம்!

மேனேஜர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். நிமிஷத்துக்கு நிமிஷம் ஆளின் திரையைப் படம்பிடிப்பதற்குச் செலவழிக்கிற காசை இதற்குச் செலவழியுங்கள்: முதல் மாதம் ஒரு பழைய ஆளுக்கு வேலையைக் குறைத்து, தினம் அரைமணி நேரம் புதியவரோடு பேச விடுங்கள். கேள்வியையும் பதிலையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதச் சொல்லுங்கள். மாதம் முடிந்ததும் அந்த எழுத்தைப் புதியவரிடமே திருத்தக் கொடுங்கள்; எது விளங்கவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.