அத்தை காட்டிய ஒரு விரல்



2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் நம்மை மாதிரி குழுப் பெண்கள்தான் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறாங்க. என் மாமியாருக்கும் பார்க்கிறாங்க. ரெண்டும் கட்டுக்குள்ளதான் இருக்கு. ஆனா முழங்கால் வலியால நூறு நாள் வேலைக்குப் போறது நின்னதிலிருந்து அவங்க யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசுறதில்லை. அதை எந்த மிஷின் காட்டும்?

உலக சுகாதார நிறுவனம் இதுக்குன்னே 26 கேள்வி வச்சிருக்குன்னு ஒரு பயிற்சியில சொன்னாங்க. கடந்த ரெண்டு வாரத்தை நினைச்சு, ஒண்ணு முதல் அஞ்சு வரை நாமளே மார்க் போடணும். வலி, தூக்கம் மட்டுமில்லை, சிநேகிதங்ககிட்ட கிடைக்கிற ஆதரவு திருப்தியா என்றும் அதில் கேட்கிறாங்க.

வீட்டில் கேட்டுப் பார்த்தேன். முந்திக்கிட்டு என் வீட்டுக்காரர், "அம்மா நல்லாத்தான் இருக்கு" என்றார். பதில் அவங்க வாயால வரணும்னு சொல்லி அவரை டீக்கடைக்கு அனுப்பி வச்சேன். உடம்புக்கு மூணு போட்டாங்க அத்தை. சிநேகிதம்னதும் ஒரே ஒரு விரலைக் காட்டினாங்க. "கூட மண்ணு சுமந்தவளுக ஒருத்தியும் எட்டிப் பார்க்கலையே" என்றாங்க.

இப்போ எங்க குழுக் கூட்டம் எங்க திண்ணையிலதான். வட்டிக் கணக்கில் தப்பிருந்தா அத்தைதான் முதல்ல பிடிக்கிறாங்க. போன வாரம் கேட்டப்போ ரெண்டு விரல். மூணு இன்னும் வரலை.

உங்க குழுவிலும் கூட்டத்துக்கு வராம நின்னுபோன அக்கா இருப்பாங்க. தவணை கேட்கப் போறப்போ இந்தக் கேள்வியையும் கேளுங்க.