ஆற்றங்கரை வளைகளில் வாழும் பறவைகள்



ஆற்றில் நீர் வற்றி வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனி மாதங்களில், வெள்ளம் அரித்துச் செங்குத்தாக நிற்கும் கரையை உற்று நோக்கினால், வட்டமான துளைகள் சில தென்படும். பாம்பு வளை என்று அஞ்சி ஒதுங்குவோர் உண்டு. கையை விட்டுத் துழாவும் சிறுவரும் உண்டு. இவற்றுட் பல, மரத்திற் கூடு கட்டாது மண்ணைக் குடைந்து குடியிருக்கும் பறவைகளின் இல்லங்கள். உள்ளே கைவிடாமலே குடியிருப்பது யார் என்று அறிய வழி உண்டு.

முதலில் இடத்தைக் கவனியுங்கள். நண்டு வளை நீர்மட்டத்தை ஒட்டியிருக்கும். வாயிலில் ஈரமண் உருண்டைகள் கிடக்கும். எலி வளை பெரும்பாலும் வரப்பிலும் சரிவிலும் இருக்கும். மீன்கொத்தியின் வளையோ, கீரியும் பாம்பும் எளிதில் ஏற இயலாத செங்குத்துச் சுவரில், தரைக்கு உயரே இருக்கும்.

அடுத்து வாயிலைப் பாருங்கள். பறவை போய்வரும் வளையின் அடித்தளத்தில், அதன் கால்கள் தேய்த்த இரண்டு மெல்லிய பள்ளங்கள் ஓடும். சிலந்தி வலை பின்னியிருந்தால் அங்கே குடியில்லை என்று கொள்ளலாம்.

மூன்றாவது அடையாளம் உணவின் மிச்சம். வாயிலிலிருந்து வெண்ணிற எச்சம் வழிந்து, மீன் நாற்றம் வீசினால், அது சிறு மீன்கொத்தியின் வீடு. பழந்தமிழ்ப் புலவர் சிரல் என்று வழங்கியது மீன்கொத்தியையே. நீரை ஒட்டி நீலக்கோடு போல நேராகப் பறந்து செல்வதைக் கொண்டு இதனை அறியலாம். வெண்மார்பு மீன்கொத்தி உருவிற் பெரியது. தவளை, ஓணான், வெட்டுக்கிளி ஆகியவற்றையும் உண்பதால், நீருக்குத் தொலைவிலுள்ள கிணற்றுச் சுவரிலும் வளை தோண்டும். கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி, நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, பின் தலைகீழாகப் பாயும்.

வளை சிறுத்து, அருகிலுள்ள கம்பியிலோ குச்சியிலோ மெலிந்த பச்சைப் பறவை அமர்ந்திருந்தால் அது பஞ்சுருட்டான். வாலின் நடுவே ஊசி போன்ற இரண்டு இறகுகள் நீண்டிருக்கும். தேனீயைப் பறக்கும்போதே பிடித்துவந்து, கிளையில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்கி விழுங்கும். தாழ்ந்த மணல்மேட்டிலும் இது வளை தோண்டுவதுண்டு. இதன் உறவினமாகிய நீலவால் பஞ்சுருட்டான், கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே காவிரிக்கரையில் கூட்டமாக வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது.

இவ்விரு குலத்துப் பறவைகளும் அலகால் மண்ணைக் கொத்திக் காலால் பின்னே தள்ளுகின்றன. முன்விரல்கள் அடியில் ஒட்டியிருப்பது இவற்றின் கால்களுக்குரிய அமைப்பு. முட்டைகள் தூய வெண்மை. இருளுக்குள் இருப்பதால் பகைவர் கண்ணை மறைக்கும் நிறமும் புள்ளியும் வேண்டியதில்லை.

சாலிம் அலி 1941-ஆம் ஆண்டு வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூல், பார்த்துப் பழகப் பலருக்குத் துணையாயிற்று. ஆயினும் பார்ப்பதற்குக் கரை வேண்டுமே! மணலை வரம்பின்றி அள்ளும்போது கரை சரிகிறது. கரை முழுவதையும் சாய்த்துக் கல் பதிக்கும்போது வளைக்கு இடமே இல்லாமற் போகிறது. ஊரைக் காக்கக் கரையைக் கட்டத்தான் வேண்டும்; அதை மறுப்பார் இல்லை. ஆனால் குடியிருப்பும் வயலும் இல்லாத இடத்தில் ஒரு பகுதி மண்கரையை அப்படியே விட்டுவைக்கலாகாதா? முட்டையிட்டுக் குஞ்சு வெளியேற ஒரு மாதத்துக்கு மேலாகும். அந்தக் காலம் கழிந்தபின் வேலையைத் தொடங்கலாகாதா?

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். இருபது முப்பது அடி தள்ளி, அசையாது அரைமணி நேரம் அமரச் செய்யுங்கள். வளையில் கை விடுவது முட்டைக்கும் கேடு. பாழ்வளையிற் பாம்பு புகுந்திருந்தால் கைக்கும் கேடு. பொறுத்திருந்தால், வீட்டுக்காரர் தாமே வந்து தம்மை அறிமுகம் செய்துகொள்வார்.