மருந்துக்கு முன் கல்ச்சர்

புற்றுநோய் மருத்துவர்கள் நிறைந்த அரங்கத்துக்கு ஒரு நுண்ணுயிரியல் ஆசாமியைத் தலைமை தாங்க அழைத்திருக்கிறீர்கள். பெருமையாகவும் இருக்கிறது, கொஞ்சம் நடுக்கமாகவும் இருக்கிறது. 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021இல் அரசு சுகாதாரத் துறையின் கைக்கு வந்து, இன்று பெயரில் கடலூரும் முகவரியில் சிதம்பரமுமாக நிற்கும் கல்லூரி இருக்கும் ஊர் இது. இங்கே பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இம்யூனோதெரபியின் பக்கவிளைவுகளும் மருந்துக்கு அடங்காத தொற்றுகளும் நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. அலிசனும் ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பெற்ற கதையையோ, குடல், நுரையீரல், ஈரல், தைராய்டு, இதயத்தசை என்று அழற்சி எங்கெல்லாம் வரும் என்பதையோ உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. நிவோலுமாப் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடானார்கள். வழக்கமாக ஒரு வேளைக்கே 240 மி.கி. ஏற்றும் மருந்து அது. புகையிலைக்காரர்களுக்குக் குறைவில்லாத நம் மாவட்டத்துக்கும் இந்தச் சிகிச்சை வந்து சேரும் என்று தைரியமாக எதிர்பார்க்கலாம். அளவு குறைந்தாலும் அழற்சி வராது என்று யாரும் உறுதி தர முடியாது. அழற்சி வந்தால் ஸ்டீராய்டு, அதற்கும் அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப்.

தொற்று நுழைவது அங்கேதான். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 740 மெலனோமா நோயாளிகளைக் கணக்கெடுத்து 2016இல் வெளியிட்டார்கள். ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்ஸிமாபோ பெற்றவர்களில் 13.5 விழுக்காட்டினருக்குக் கடுமையான தொற்று. பெறாதவர்களில் 2 விழுக்காடு. பழியை இம்யூனோதெரபி மேல் போடுவதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பாருங்கள்.

மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2010இல் லான்செட் குழும இதழில், மருந்தை முறிக்கும் 'நியூ டெல்லி' நொதியான என்டிஎம்-1 பற்றிய கட்டுரை வந்தபோது, பெயரில் டெல்லி இருக்கலாமா என்று நாடே சண்டை போட்டது. அதில் பேசப்பட்ட கிருமிகளில் 44 சென்னையிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை நாம் வசதியாக மறந்தோம். ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2012இல் சென்னைப் பிரகடனம் வந்தது, அவற்றின் விற்பனையைக் கட்டுப்படுத்த 2014இல் எச்1 அட்டவணை வந்தது. ஆனாலும் வார்டில் பழக்கம் பெரிதாக மாறவில்லை. காய்ச்சல் என்றால் மெரோபெனம், இறங்காவிட்டால் கோலிஸ்டின்.

இனி என் மனத்தில் பல காலமாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். அமைப்பாளர்கள் பொறுத்தருள வேண்டும்.

1912இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற இருவர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. ரங்கூன் பிணவறையில் அவர்கள் கண்ட புதிய நோயைப் பற்றியது. 38 பேரின் விவரம் அதில் உண்டு. அடுத்த ஆண்டு இங்கிலாந்து இதழில் வந்த கட்டுரையில் விட்மோர் மட்டுமே இருந்தார். நோய்க்கும் அவர் பெயரே நிலைத்தது. அந்த நோய்தான் மெலியோய்டோசிஸ். இந்திய இதழில் வெளியான மூலக் கட்டுரையை நம் மாணவர்களில் எத்தனை பேர் புரட்டியிருக்கிறார்கள்?

அது தாய்லாந்து, ஆஸ்திரேலியா வியாதி, நம் பக்கம் இல்லை என்று என் மூத்த நண்பர் ஒருவர் மேடைதோறும் சொல்லி வருகிறார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி ஜிப்மரும் பதிவு செய்த நோயாளிகள் கற்பனை இல்லையே! தென்பெண்ணைக்கு அந்தக் கரையில் இருக்கும் கிருமி, இந்தக் கரையில் கடலூருக்குள் வர அனுமதி கேட்குமா? ஈர மண்ணில் வாழ்வது அது. நெல்வயலும் மழைவெள்ளமும் அதற்கு ஏற்றவை. சர்க்கரை நோயாளியையும் ஸ்டீராய்டு எடுப்பவரையும் தேடிப் பிடிக்கும். வீராணம் பாசனத்தில் இவற்றில் எது இல்லை?

இருக்கிறது, நாம் தவறவிடுகிறோம் என்பதுதான் என் வாதம். சோதனைக்கூடம் அதை 'சூடோமோனாஸ்' என்று எழுதிவிடும், அல்லது மாசு என்று தள்ளிவிடும். கிருமியை அடையாளம் காட்டும் வைடெக் இயந்திரமும் சில சமயம் அதன் உறவுக் கிருமியான செபாசியா என்று சொல்லும். இரண்டாம் நாளே தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால், அதற்கப்புறம் சுருங்கி உலர்ந்து வரும் அந்தக் காலனியைப் பார்க்கவே முடியாது. மருத்துவர் மெரோபெனம் போடுகிறார், காய்ச்சல் இறங்குகிறது, ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறார். குறைந்தது மூன்று மாதம் தர வேண்டிய கோட்ரைமாக்ஸசோல் அந்தச் சீட்டில் இருப்பதில்லை. நோயாளி மீண்டும் வருகிறார். கோப்பில் 'ரெசிஸ்டன்ட்' என்று எழுதப்படுகிறது. காசநோய் மாத்திரை ஆரம்பிப்பதும் உண்டு. கிருமிக்குப் புதிதாக எந்த எதிர்ப்பும் வரவில்லை. ஜென்டாமைசினும் கோலிஸ்டினும் அதனிடம் எடுபடாதது அதன் பிறவிக் குணம்.

இப்போது நிவோலுமாப் ஏற்றிய நோயாளிக்கு நுரையீரலில் நிழல் தெரிகிறது என்று வையுங்கள். நியுமோனைட்டிஸ் என்று முடிவுகட்டி ஸ்டீராய்டு ஏற்றுவோம். உள்ளே இருப்பது காசமாகவோ மெலியோய்டோசிஸாகவோ இருந்தால்? நம் மண்ணில் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் புழுவையும் மறக்கக்கூடாது; ஸ்டீராய்டில் அது உடம்பெங்கும் பெருகும்.

கல்ச்சர் ரிப்போர்ட் வர மூன்று நாளாகும், அதுவரை நோயாளியைச் சாகவிடவா என்று பொதுமருத்துவ நண்பர்கள் கேட்பார்கள். மருந்தைத் தாமதிக்கச் சொல்லவில்லை. முதல் ஊசிக்கு முன் இரண்டு பாட்டில் ரத்தம் எடுக்கச் சொல்கிறேன். ஐந்து நிமிட வேலை.

சோதனைக்கூட நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆக்ஸிடேஸ் பாசிட்டிவான 'சூடோமோனாஸ்' கையில் கிடைத்தால் ஜென்டாமைசின், கோலிஸ்டின், கோ-அமாக்ஸிக்ளாவ் என்று மூன்று வட்டுகளை ஒரே தட்டில் வையுங்கள். முதல் இரண்டையும் சுற்றி வளர்ந்து, மூன்றாவதைச் சுற்றி மட்டும் வெளி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மண்வாசனை வருகிறதா என்று தட்டை மட்டும் முகர்ந்து பார்க்காதீர்கள். மூக்கு வழியாகவும் தொற்றும். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி சோதனைக்கூடங்களில் அப்படிப்பட்ட கிருமிகளைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தி, உறுதிசெய்ய அனுப்பிவையுங்கள். அடுத்த கருத்தரங்கில் நானும் என் மூத்த நண்பரும் அந்தக் கணக்கை வைத்துப் பேசிக்கொள்கிறோம்.