தேர்தல் முடிவும் நீதிமன்றமும்

குடியாட்சியிலே மக்கள் வாக்கே இறுதித் தீர்ப்பு என்பர். ஆயினும், அவ்வாக்கு முறைப்படி பெறப்பட்டதா என்ற ஐயம் எழுமாயின், அதனை விசாரிக்கவும் ஓரிடம் வேண்டும். இந்திய மாநிலச் சட்டசபைத் தேர்தல்களைப் பொறுத்தவரை, அதற்கான நெறியை 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வகுத்துரைக்கின்றது.

தேர்தல் நடைபெறும்போது நீதிமன்றம் குறுக்கிடலாகாது என்பது முதல் விதி. சென்னை மாநிலத்து நாமக்கல் தொகுதியிலே பொன்னுசாமி என்பவரின் நியமனப் பத்திரம் நிராகரிக்கப்பட்டது. அவர் உடனடியாகப் பரிகாரம் கோரி நீதிமன்றத்தை நாடினார். 1952 சனவரியில் உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை மறுத்தது. குறையிருப்பின், தேர்தல் முற்றுப்பெற்ற பின்னர் தேர்தல் மனு மூலமே முறையிடல் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

அம்மனுவை வேட்பாளர் மட்டுமன்றி, அத்தொகுதி வாக்காளர் எவரும் சமர்ப்பிக்கலாம். தவணை 45 நாட்கள். பிணைப்பணம் 2,000 ரூபா. முன்னர் தனி நியாயசபைகள் விசாரித்த இம்மனுக்கள், 1966ஆம் ஆண்டின் திருத்தத்தால் மாநில உயர் நீதிமன்றத்தின் பொறுப்பாயின. இலஞ்சம் முதலிய ஊழல்களைச் சாட்டுவோர், செய்தவர் பெயர், நாள், இடம் ஆகியவற்றைக் கூறிச் சத்தியக் கடதாசியும் இணைத்தல் வேண்டும்.

வென்றவரோ அவருடைய தேர்தல் முகவரோ ஊழல் புரிந்தமை நிரூபிக்கப்படின், தேர்தல் செல்லாததாகும். நியமனப் பத்திரமொன்று தவறாக நிராகரிக்கப்பட்டிருப்பினும் அவ்வாறே. ஆனால், விதிமீறல் நிகழ்ந்தது என்று மட்டும் காட்டுதல் போதாது. வென்றவரைப் பொறுத்தவரை முடிவு அதனாற் பாதிக்கப்பட்டதென்பதையும் நிறுவுதல் வேண்டும்.

கேரள மாநிலத்துப் பறவூர்த் தொகுதி இதற்குத் தக்க சான்று. 1982ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்கே 50 வாக்குச் சாவடிகளில் மின்னணு இயந்திரங்கள் பயன்பட்டன. சிவன் பிள்ளை 123 வாக்குகளால் வென்றார். தோற்ற ஏ. சி. ஜோஸ் வழக்காடினார். உயர் நீதிமன்றத்தில் அவர் வெற்றிபெறவில்லை. மேன்முறையீட்டில், இயந்திர வாக்களிப்புக்கு அக்காலச் சட்டம் இடமளிக்கவில்லையென 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சாவடிகளில் வாக்குச் சீட்டின் மூலம் மறுவாக்கெடுப்பு நிகழ்ந்தது, ஜோஸ் வென்றார்.

எனினும், தேர்தல் நடந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தே அத்தொகுதிக்கு அதன் உண்மைப் பிரதிநிதி கிடைத்தார் என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். ஆறு மாதங்களுள் விசாரணையை முடிக்க முயலுமாறு சட்டம் கூறுகின்றது. முடித்தே தீரவேண்டுமெனக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டசபையின் ஆயுளோ ஐந்து ஆண்டுகள். தேர்தலின் இடையே நீதிமன்றக் கதவு அடைக்கப்பட்டிருப்பதால், பின்னர் திறக்கும் கதவு விரைந்து திறத்தல் இன்றியமையாதது. தாமதத்தால் இழப்பவர் தோற்ற வேட்பாளர் மட்டுமல்லர்; அத்தொகுதியின் வாக்காளர் அனைவருமே.