தம் குரலில் பேசுவோர்



வானொலிக்கு முகம் இல்லை; குரல் ஒன்றே உண்டு. கேட்பவர் அக்குரலைக் கொண்டே பேசுபவரின் உருவத்தையும் வயதையும் குணத்தையும் தம் மனத்தில் வரைந்து கொள்கின்றனர். ஆதலால், ஓர் இனத்தாரின் குரலை வேறோர் இனத்தார் எடுத்துப் பேசத் தலைப்பட்டால், கேட்போர் உள்ளத்தில் எழும் சித்திரமும் திரிந்துவிடும். அமெரிக்க வானொலி வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. இன்று நாம் ஆராயப் புகும் பொருளுக்கு அதுவே தக்க தோற்றுவாய் ஆகும்.

1940களில் அந்நாட்டு மக்கள் விரும்பிக் கேட்ட நகைச்சுவைப் பாத்திரங்களுள் பியூலா என்பவள் ஒருத்தி. வெள்ளையர் இல்லத்தில் சமையலும் ஏவலும் செய்யும் கறுப்பினப் பெண் அவள். ஆனால், அவளுடைய குரலைத் தந்தவர் யார்? மார்லின் ஹர்ட் என்னும் வெள்ளை ஆடவர்! நிலையத்தில் நேரில் அமர்ந்திருப்போர்க்கு முதுகு காட்டி நின்று, தம் முறை வந்ததும் திடீரெனத் திரும்பி அவர் பெண் குரலில் பேசுவாராம். அவையினர் வியந்து நகைப்பராம். 1946இல் அவர் இறந்தார். அவருக்குப் பின் வந்தவரும் வெள்ளை ஆடவரே. 1947 நவம்பரில்தான் அப்பாத்திரம் ஹாட்டி மெக்டானியல் என்னும் கறுப்பின நடிகையிடம் வந்து சேர்ந்தது. அமெரிக்க நாடு தழுவிய வானொலித் தொடர் ஒன்றில் தலைமைப் பாத்திரம் ஏற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே.

மெக்டானியல் சிறு நடிகை அல்லர். 1940இல் ஆஸ்கார் பரிசு பெற்றவர். அப்பரிசைப் பெற்ற கறுப்பினத்தாருள் முதல்வர். ஆயினும், அப்பரிசளிப்பு நடந்த விடுதியில், உடன் நடித்தவர்களோடு அமர அவருக்கு இடம் இல்லை. சுவரோரமாகத் தனி மேசை ஒன்றில் அமர்ந்திருந்து, அங்கிருந்து எழுந்து வந்தே பரிசை ஏற்றார். பரிசு பெற்ற வேடமும் பணிப்பெண் வேடமே. வானொலியில் ஏற்றதும் பணிப்பெண் வேடமே.

ஒருவர் தம்மைப் பிறர்க்கு உணர்த்துவதற்கு மூன்று வேண்டும்: குரல், சொல், மேடை. 1947இல் குரல் உரியவரிடம் வந்தது. சொல்லை எழுதும் கைகள் பிறருடையனவாகவே இருந்தன. மேடையும் பிறருடையதே. இம்மூன்றும் ஒருங்கே கறுப்பினப் பெண்ணின் கைக்கு வர மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அது எவ்வாறு கூடிற்று என்பதையும், அதனால் விளைந்தது யாது என்பதையும் காண்போம்.

2005ஆம் ஆண்டில் யூடியூப் என்னும் இணையத் தளம் தோன்றியது. ஏப்ரல் 23ஆம் நாள் அதில் ஏற்றப்பெற்ற முதற் காணொளி, விலங்குக் காட்சிச் சாலையில் யானைகளின் முன் நின்று ஓர் இளைஞர் பேசும் பத்தொன்பது நொடிப் படம். அச்சிறு படத்தில் பெரும் பொருள் ஒன்று அடங்கியிருந்தது. யாருடைய இசைவும் இன்றி ஒருவர் தம் முகத்தையும் பேச்சையும் உலகின் முன் வைக்கலாம் என்பதே அது. படநிறுவனத்தாரின் வாயிலில் காத்து நிற்க வேண்டுவதில்லை. அவ்வாயில்களில் நெடுங்காலம் நின்றவர்களே இப்புதிய வழியின் அருமையை விரைந்து உணர்ந்தனர்.

அவர்களுள் தலையாயவர் இஸ்ஸா ரே. 1985இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 2011இல் அவர் யூடியூபில் ஒரு தொடரைத் தொடங்கினார். ‘தடுமாறும் கறுப்பினப் பெண் ஒருத்தியின் இடர்ப்பாடுகள்’ என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். எழுதியவரும் அவரே, தலைவியாக நடித்தவரும் அவரே. தலைவியின் பெயர் ஜே. அலுவலகத்தில் பணிபுரியும் கூச்ச இயல்பினள். நீண்ட நடைவழியில் எதிரே வரும் உடன்பணியாளருக்கு ஒரு முறை வணக்கம் கூறிவிட்டோம்; ஐந்து நிமிடம் கழித்து அவரே மீண்டும் எதிர்ப்பட்டால் என்ன கூறுவது? மூன்றாம் முறையும் எதிர்ப்பட்டால்? இத்தகைய சிறு தவிப்புகளே அத்தொடரின் நகைச்சுவைக்கு ஊற்றாயின.

‘இதில் என்ன புதுமை?’ என நீங்கள் வினவலாம். அமெரிக்கத் திரையில் கறுப்பினப் பெண்ணுக்கென வார்த்து வைத்த அச்சுகள் சில இருந்தன. பணிப்பெண், உரத்துச் சண்டையிடுபவள், எத்துயரையும் தாங்கும் இரும்பு நெஞ்சத்தாள். கூச்சப்படுபவள், தடுமாறுபவள், பேச வேண்டியதைப் பேசாமல் விட்டுவிட்டுப் பின்னர்த் தன் அறையில் தனியே பேசிப் பார்ப்பவள் — இத்தகைய எளிய மானிடப் பெண்ணுக்கு அவ்வச்சுகளில் இடம் இல்லை. இஸ்ஸா ரே வீரம் பேசவில்லை, கண்ணீர் வடிக்கவில்லை. தடுமாறும் உரிமையைத் தம் இனப் பெண்ணுக்கு வாங்கித் தந்தார். நூல் நூற்றாலும் எளிதில் விளங்காத உண்மை, பத்து நிமிடச் சிரிப்பில் விளங்கிற்று.

இடையில் கையிருப்பு தீர்ந்தது. பார்வையாளரிடமே 30,000 டாலர் வேண்டினார். 50,000 டாலருக்கு மேல் வந்தது. தந்தவர் செல்வர் சிலர் அல்லர். சிறு சிறு தொகையாக ஈந்த பலர். 2012இல் அத்தொடர் இணையத் தொடர்களுக்குரிய பரிசொன்றைப் பெற்றபோது, இனப்பகை கொண்டோர் பலர் இழிசொற்களை வீசினர். அவர் எழுத்தை நிறுத்தினாரில்லை. 2016 முதல் 2021 வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ‘இன்செக்யூர்’ என்னும் அவருடைய தொடர் ஐந்து பருவங்கள் நடைபெற்றது. இவரைப் போலவே குவின்டா பிரன்சன் என்பவரும் 2014 அளவில் இன்ஸ்டாகிராமில் குறுங்காணொளிகளால் புகழ் பெற்றுப் பின்னர்த் தொலைக்காட்சிக்குச் சென்றார். பிலடெல்பியா நகரத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்களைப் பற்றி அவர் எழுதிய ‘அபட் எலிமெண்டரி’ 2022இல் எழுத்துக்குரிய எம்மி விருதை அவருக்கு ஈட்டித் தந்தது.

கேளிக்கை வேறு, கருத்துரை வேறு என்று நாம் பிரித்துப் பேசுவது வழக்கம். இப்பெண்களிடத்தில் அப்பிரிவு நில்லாது. குளோசெல் கிரீன் என்பவரை நோக்குங்கள். இலவங்கப்பட்டைத் தூளை அகப்பை நிறைய வாயிலிட்டுத் திணறிக் கோடிக்கணக்கானோரைச் சிரிக்க வைத்தவர்; பச்சை நிற உதட்டுச் சாயம் பூசி வருபவர். 2015 ஜனவரி 22ஆம் நாள், வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஒபாமாவைப் பேட்டி காணும் வாய்ப்பு யூடியூபர் மூவருக்குக் கிட்டியது. அம்மூவருள் இவரும் ஒருவர். ‘கோமாளியை அழைத்துக் குடியரசுத் தலைவரிடம் பேச விடுவதா?’ எனச் செய்தியாளர் சிலர் எள்ளினர்.

அவர் என்ன கேட்டார்? தலையை மூடும் பகுதியுடன் தைத்த மேற்சட்டை அங்கு இளைஞர் பலரும் அணிவது. 2012இல் ஃபுளோரிடா மாநிலத்தில் டிரேவான் மார்ட்டின் என்னும் பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன் அவ்வுடையில் கடைக்குச் சென்று திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டான். தம் கணவரின் சட்டைகளிலிருந்து அத்தலைமூடிகளை யெல்லாம் வெட்டி எறிந்துவிட்டதாகவும், அவர் வெளியே சென்றால் காவலரே சுட்டுவிடுவரோ என அஞ்சுவதாகவும் குளோசெல் குடியரசுத் தலைவரிடம் நேரே கூறினார். கத்தரிக்கோலும் கையுமாகக் கணவரின் சட்டைகளின் முன் அமர்ந்த மனைவியின் அச்சத்தைத் தேர்ந்த அரசியல் நிருபர் எவரும் அவ்வாறு எடுத்துரைத்திருக்க இயலாது. சிரிக்க வைத்த அதே குரல்தான் அதனைக் கூறியது.

ஈவ்லின் இங்குகி என்னும் கென்ய மரபினரான இளம்பெண்ணும் அத்தகையவரே. 2015 ஜூன் மாதம் சார்லஸ்டன் நகரத் தேவாலயம் ஒன்றில் கறுப்பினத்தார் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைச் செய்திகளைக் கேட்டுவிட்டு மறுநாட் காலை ஒன்றும் நடவாதது போல் அலுவலகம் செல்ல வேண்டிய நிலையை அவ்வாண்டில் அவர் ஒரு நகைச்சுவைக் காணொளியாக்கினார். நோயுற்றால் தொலைபேசியில் விடுப்புக் கேட்பது போல, கறுப்பினத்தவராய் இருப்பதன் துயர் மிகும் நாளிலும் விடுப்புக் கேட்க இயல வேண்டும் என்பது அதன் கருத்து. மேலே நகை, உள்ளே அழுகை.

இனி, கருத்துரையையே தம் தொழிலாகக் கொண்டவர்கள் உளர். 1849இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி, மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்று ஏறத்தாழ எழுபது பேரை விடுதலை செய்த ஹேரியட் டப்மனை நீங்கள் அறிவீர்கள். அவ்வம்மையாரின் பெயரால் ‘ஃபார் ஹேரியட்’ என்னும் அமைப்பை 2010இல் நிறுவியவர் கிம்பர்லி ஃபாஸ்டர். முதலில் எழுத்தாகவும் பின்னர்க் காணொளியாகவும் அது வளர்ந்தது. திரைப்படம், பாடல், புகழ்பெற்றோர் செய்தி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றில் பெண்ணும் அவள் மானமும் எவ்வாறு நடத்தப்படுகின்றன என அவர் நிதானமாக வாதிடுகிறார். தம் இனத்தார் குறையையும் அவர் மறைப்பதில்லை.

முகப்பூச்சைப் பற்றிப் பேசுவதில் என்ன மாண்பு இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஜாக்கி ஐனா என்பவரின் பணி அதற்கு விடையாகும். நைஜீரிய மரபினர், அமெரிக்கப் படையின் ஒதுக்குப் பிரிவில் பணியாற்றியவர். பவுண்டேஷன் என்னும் முகப்பூச்சு அணிபவரின் நிறத்தோடு இயைந்தாலன்றிப் பயன் தராது. பெரிய நிறுவனங்கள் வெளிர் நிறத்தார்க்குப் பல சாயல்களையும் கருநிறத்தார்க்கு ஒன்றிரண்டையுமே விற்று வந்தன. அப்புட்டிகளைத் தம் முகத்தில் பூசிக் காட்டி, ‘இது சாம்பல் பூத்தது போல் இருக்கிறதே, இதை யாருக்காகச் செய்தீர்கள்?’ எனும் பொருள்படக் கேட்டு வந்தார் ஐனா. 2017இல் பாடகி ரிஹானா நாற்பது சாயல்களுடன் தம் பூச்சை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் டூ ஃபேஸ்ட் என்னும் நிறுவனம் ஐனாவையே துணைகொண்டு கருநிறச் சாயல்களைப் பெருக்கியது. அதே 2018இல், 1909 முதல் கறுப்பின மக்களின் உரிமைக்கு உழைத்துவரும் சங்கத்தின் விருதும் அவரை அடைந்தது. கடைத்தட்டில் தன் நிறத்துக்கு இடம் இல்லாமை, ‘நீ எங்கள் கணக்கில் இல்லை’ என்று கூறுவதாகும். நம் நாட்டிலும் நெடுங்காலம் விற்ற ஒரு முகப்பூச்சு, 2020இல் அமெரிக்காவில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின், வெண்மையைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரினின்றும் நீக்கியது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மேடை கைக்கு வந்தது என்றேன். முழுவதும் வந்துவிட்டதா? இல்லை. மேடையின் உடைமையாளர் பெரு நிறுவனத்தார். எக்காணொளியை யார்முன் நிறுத்துவது என்பதை அவர்களுடைய கணிப்பொறிகளே முடிவு செய்கின்றன. அதனினும் கொடியது, ஆக்கியவர் பெயர் அழிந்து ஆக்கம் மட்டும் உலவுவது. 2019 செப்டம்பரில் அட்லாண்டா நகரத்தை அடுத்து வாழ்ந்த ஜலையா ஹார்மன் என்னும் பதினான்கு வயதுச் சிறுமி ‘ரெனகேட்’ என்னும் நடனத்தை அமைத்து இணையத்தில் வெளியிட்டாள். டிக்டாக்கில் பிறர் அதனை ஆடிப் பெரும்புகழும் பொருளும் ஈட்டினர். அமைத்தவள் பெயரைக் கூறியவர் இல்லை. 2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதழ் உண்மையை வெளியிட்டது. அம்மாதமே சிகாகோவில் நடந்த கூடைப்பந்துப் பெருவிழாவில் அவள் தன் நடனத்தைத் தானே ஆடினாள். மறு ஆண்டு ஜூன் மாதம், புதிய பாடல் ஒன்று வெளிவந்தபோது, கறுப்பின இளைஞர் பலர் அதற்கு நடனம் அமைக்க மறுத்து வாளா இருந்தனர். ‘எங்கள் கால்கள் அசையாவிட்டால் உங்கள் மேடையில் என்ன இருக்கிறது?’ என்பதே அம்மௌனத்தின் பொருள்.

நண்பர்களே! இப்பெண்களைப் பாராட்டுதல் என்றால் என்ன? அவர்கள் கூறுவன எல்லாம் சரி எனத் தலையசைத்தல் அன்று. இவர்கள் ஒருவரோடொருவர் மாறுபடுபவர்கள், கடுமையாக வாதிடுபவர்கள். இவர்களுள் சிறந்தவரும் உண்டு, சாதாரணரும் உண்டு. எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துப் புகழ்வதும் பழைய பிழையின் வேறு வடிவமே. ஒருவர் நடிப்பை நடிப்பாகவும், மற்றவர் வாதத்தை வாதமாகவும் எடுத்து நிறுத்துப் பார்த்தலே மெய்யான மதிப்பாகும். ஒரு நூலாசிரியரை நாம் அவ்வாறுதானே மதிக்கிறோம்?

இன்னும் ஒன்று. சிரிப்பூட்டும் துணுக்கு ஒன்று கைப்பேசியில் உங்களை வந்தடைகிறது. அதில் ஒரு கறுப்பினப் பெண் புருவத்தை உயர்த்துகிறாள். அல்லது கைகொட்டி ஏதோ கூறுகிறாள். மூன்று நொடி, பெயர் இல்லை, முன்னும் பின்னும் இல்லை. அதனை நண்பர்க்கு அனுப்புமுன், அவள் யார், முழுதும் என்ன கூறினாள் என்று தேடிப் பாருங்கள். தேடுவதற்கு இரண்டு நிமிடம் போதும். பெயரைக் கண்டால் பெயரோடு அனுப்புங்கள். கல்லூரி விழாவில் பிறர் அமைத்த நடனத்தை ஆடினால், அமைத்தவர் பெயரை மேடையில் கூறுங்கள். பிறர் வரியை எடுத்தாளும்போது ஆசிரியர் பெயரைக் குறிக்க வேண்டும் என நீங்கள் வகுப்பில் கற்ற நெறியே இது.

ஹாட்டி மெக்டானியல் தனி மேசையிலிருந்து எழுந்து வந்து பரிசை ஏற்றார். இஸ்ஸா ரேக்கும் அவர்தம் தோழியர்க்கும் மேசையும் உண்டு, எழுதுகோலும் உண்டு. கேட்பவர் கடமை மட்டுமே எஞ்சி நிற்கிறது. அது நம்முடையது.