கொரோனா எங்கிருந்து வந்தது? கேட்கும் உரிமை நமக்கும் உண்டு
(சங்கத்தின் ஞாயிறு கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொரோனாதான் ஓய்ந்துவிட்டதே, இன்னும் அதைப்பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கிறார்கள். நோய் ஓய்ந்திருக்கலாம், கணக்கு தீரவில்லை. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நான்கு மணி நேரத்தில் நாடு பூட்டப்பட்டது. பத்துக்குப் பத்து கோலியில் எட்டுப் பேர் அடைந்து கிடந்ததும், கூலியில்லாமல் ஊர் போய்ச் சேர வண்டி தேடி அலைந்ததும் யாருக்குத் தெரியாவிட்டாலும் தாராவிக்குத் தெரியும். 2020, 2021 ஆகிய இரண்டே ஆண்டுகளில் உலகில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இவ்வளவு பெரிய சாவு எங்கிருந்து புறப்பட்டது என்று கேட்பது விஞ்ஞானிகளுக்கும் மந்திரிகளுக்கும் மட்டுமே உரிய வேலையா?

சீனாவின் வூஹான் நகரில் 2019 டிசம்பரில் நோய் தலைகாட்டியது. முதலில் தெரியவந்த நோயாளிகளில் பலர் ஹுவானான் என்ற மீன் சந்தையோடு தொடர்புள்ளவர்கள். பெயர்தான் மீன் சந்தை, உயிருள்ள காட்டு விலங்குகளும் அங்கே விற்கப்பட்டன. 2020 ஜனவரி 1 அன்று சந்தை மூடப்பட்டது. விலங்கிலிருந்து மனிதனுக்கு நோய் தாவியது என்பவர்கள் இந்தச் சந்தையைக் காட்டுகிறார்கள். அதே நகரத்தில்தான் வூஹான் வைரஸ் ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. வௌவால்களிடமிருந்து கொரோனா வகைக் கிருமிகளைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து ஆராய்ந்து வந்த இடம் அது. ஆய்வின்போது கிருமி தப்பியது என்பவர்கள் அதைக் காட்டுகிறார்கள்.

இந்த வழக்கில் பத்திரிகைகள் அதிகம் பேசாத ஒரு சங்கதி உண்டு. நமக்கு அதுதான் முக்கியம். 2012-இல் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் மோஜியாங் என்ற இடத்தில் கைவிடப்பட்ட ஒரு செப்புச் சுரங்கம். அதற்குள் குவிந்து கிடந்த வௌவால் எச்சத்தை வாரி அள்ளும் வேலைக்கு ஆறு தொழிலாளர்கள் போனார்கள். ஆறு பேருக்கும் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல். மூன்று பேர் இறந்து போனார்கள். அதன் பிறகு ஆராய்ச்சியாளர்கள் பலமுறை அந்தச் சுரங்கத்துக்குப் போய் வௌவால் கிருமிகளைச் சேகரித்தார்கள். அவற்றில் ஒன்று கொரோனாவோடு 96 சதவீதம் ஒத்துப்போகிறது என்று வூஹான் நிறுவனம் 2020 பிப்ரவரியில் அறிவித்தது. அது எந்தச் சுரங்கத்தில் கிடைத்தது, அங்கே யார் செத்தார்கள் என்பதை அப்போது சொல்லவில்லை. வெளியார் தோண்டிக் கேட்ட பிறகு, அதே ஆண்டு நவம்பரில்தான் சொன்னது. தோண்டியவர்களில் நமது புணேயைச் சேர்ந்த மோனாலி ரஹால்கர், ராகுல் பாஹுலிகர் என்ற இரு விஞ்ஞானிகளும் உண்டு.

நியாயமாகவும் பேச வேண்டும். 96 சதவீத ஒற்றுமை என்றால் தாயும் பிள்ளையும் என்று அர்த்தமில்லை. மீதி 4 சதவீதம் மாற இயற்கையில் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதைவிடச் சற்று நெருங்கிய கிருமி பின்னர் லாவோஸ் நாட்டு வௌவாலிடம் கிடைத்தது. அந்தத் தொழிலாளர்களின் பழைய இரத்த மாதிரிகளில் இந்த நோயின் தடயம் இல்லை என்றும் நிறுவனம் சொல்கிறது. ஆகவே மோஜியாங் சுரங்கம் குற்றத்தை நிரூபிக்கவில்லை. ஆனால் மூன்று கூலித் தொழிலாளர்களின் சாவு எவ்வளவு சுலபமாக ஒரு கட்டுரையிலிருந்து நழுவிப் போகிறது, பார்த்தீர்களா?

மறைப்பு சீனாவில் மட்டும் நடந்ததா? 2020 பிப்ரவரியில் 27 விஞ்ஞானிகள் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இது இயற்கையில் வந்ததல்ல என்று சொல்வதெல்லாம் சதிக்கதை என்று கண்டித்தார்கள். அந்த அறிக்கையை முன்னின்று தயாரித்தவர் பீட்டர் டசாக். அவருடைய அமெரிக்க நிறுவனம்தான் அமெரிக்க அரசின் பணத்தை வாங்கி வூஹான் ஆய்வுக்குக் கொடுத்து வந்தது. இது அந்த அறிக்கையில் இல்லை. 2021 ஜூனில்தான் லான்செட் அவரிடம் விளக்கம் வாங்கிப் போட்டது. அதே நிறுவனம் வூஹானையும் சேர்த்துக்கொண்டு 2018-இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறையிடம் ஒரு திட்டம் கொடுத்திருந்தது. வௌவால் கிருமிகளில் சில மாற்றங்களைச் செய்து பார்ப்பதும் அதில் அடக்கம். ராணுவத் துறை பணம் தர மறுத்துவிட்டது. அந்த வேலை நடந்தது என்பதற்குச் சான்று இல்லை. திட்டம் இருந்தது என்பதே 2021 செப்டம்பரில் கசிந்துதான் வெளியே வந்தது. பங்காளிகளில் ஒருவரே பஞ்சாயத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னால் ஊர் ஒப்புமா?

சரி, சந்தைப் பக்கம் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. 2022-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், முதல் நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது அவை அந்தச் சந்தையைச் சுற்றியே குவிந்திருந்தன. சந்தைக்கே போகாதவர்களின் வீடுகளும் அப்படித்தான். சந்தையில் கிருமி கண்ட இடங்களில் ராக்கூன் நாய் என்ற விலங்கின் மரபுப் பொருளும் இருந்தது 2023-இல் தெரியவந்தது. 2003-இல் சார்ஸ் நோய் புனுகுப்பூனை வழியாக வந்த கதையோடு இது பொருந்துகிறது. ஆனால் கிருமி தொற்றிய விலங்கு ஒன்றுகூட இன்றுவரை பிடிபடவில்லை. ஆய்வாளர்கள் போவதற்குள் சந்தையில் உயிருள்ள விலங்குகள் அகற்றப்பட்டிருந்தன.

உளவுத்துறைகளும் தீர்ப்புச் சொல்கின்றன. அமெரிக்க எப்.பி.ஐ. ஆய்வுக்கூடம் என்கிறது. சி.ஐ.ஏ. 2025 ஜனவரியில் அதே பக்கம் சாய்ந்தது, ஆனால் தங்கள் நம்பிக்கை குறைவுதான் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் அமைத்த நிபுணர் குழு 2025 ஜூனில் அறிக்கை தந்தது. கிடைத்த சான்றுகள் விலங்கிலிருந்து வந்ததையே அதிகம் காட்டுகின்றன, ஆனால் கேட்ட விவரங்களைச் சீனா தராததால் ஆய்வுக்கூடக் கசிவை விலக்க முடியாது என்பது அதன் முடிவு. எங்கள் பார்வையில் இன்று நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இதைத் தாண்டி உறுதியாகச் சத்தம் போடுகிறவர் எந்தக் கட்சியானாலும் அவருடைய சட்டைப்பையைக் கொஞ்சம் பாருங்கள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து நோய் தப்பியது என்பது கற்பனைக்கதையும் அல்ல. 2004-இல் பீஜிங் ஆய்வுக்கூடத்திலிருந்து சார்ஸ் தப்பியது. அங்கே வேலை பார்த்த மாணவிக்கு நோய் வந்தது, அவரைக் கவனித்துக்கொண்ட தாய் இறந்தார். 1979 ஏப்ரலில் சோவியத் நாட்டின் ஸ்வெர்டுலோவ்ஸ்க் நகரில் ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி காற்றில் கசிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காற்று வீசிய திசையில் ஒரு பீங்கான் தொழிற்சாலை இருந்தது. இறந்தவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள். கெட்ட இறைச்சி தின்றதால் வந்தது என்றே அரசு சாதித்தது. 1992-இல்தான் எல்ட்சின் உண்மையை ஒப்புக்கொண்டார். தொழிலாளர் அரசு என்று பெயர் வைத்துக்கொண்ட நாட்டிலேயே தொழிலாளியின் சாவுக்குப் பதின்மூன்று ஆண்டு பொய்! போபாலை நினைத்துக்கொள்ளுங்கள். 1984-இல் விஷவாயு கசிந்தபோது, ஒரு தொழிலாளி செய்த நாசவேலை என்றுதான் யூனியன் கார்பைடு கம்பெனி சொன்னது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுவும் நம் பம்பாயிலேயே. பரேலில் ஹாப்கின் நிறுவனத்தைக் கடந்து தினம் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஹாப்கின் பிளேக் நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டவர். 1902-இல் பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் அவருடைய மருந்து போட்டுக்கொண்ட 19 பேர் வாய்ப்பூட்டு ஜன்னி கண்டு இறந்தார்கள். பரேல் ஆய்வுக்கூடத்தில்தான் மருந்து கெட்டது என்று பழி அவர் மேல் விழுந்தது, வேலையும் போனது. அந்த ஒரு குப்பியை ஊரில் திறந்தபோதுதான் அசுத்தம் சேர்ந்திருக்க வேண்டும் என்று ரொனால்டு ராஸ் போன்றவர்கள் வாதாடினார்கள். 1907-இல்தான் பழி நீங்கியது. ஆய்வுக்கூடத்தைச் சந்தேகிப்பது சரிதான். விசாரிக்காமல் தண்டிப்பதுதான் தவறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்று பதிவேடுகள் தேவைப்பட்டன, இன்றும் தேவைப்படுகின்றன.

இன்னொன்று. ஆய்வுக்கூடத்தைக் கேள்வி கேட்பது வேறு, சீன மக்களைப் பழிப்பது வேறு. 2020-இல் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளை டில்லியிலும் பெங்களூரிலும் "கொரோனா" என்று கூப்பிட்டு அவமானப்படுத்தினார்கள். முகத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தார்களாம்! "மதராசி" என்று முத்திரை குத்தி நம்மை இந்த நகரத்திலிருந்து விரட்டப் பார்த்த காலத்தை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. அந்த வேலையை நம் வாய் செய்யக்கூடாது.

நம் நாட்டிலும் உயர் பாதுகாப்புக் கூடங்கள் உண்டு. புணேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தில் நான்காம் நிலைக் கூடமே இருக்கிறது. அவை வேண்டும், மூடச் சொல்லவில்லை. நிபாவும் பறவைக் காய்ச்சலும் வரும்போது அவைதான் கண்டுபிடித்துச் சொல்கின்றன. ஆனால் அத்தகைய இடங்களில் தரை கூட்டுகிறவர், கூண்டு கழுவுகிறவர், கழிவைச் சுமந்து எரிக்கிறவர் யார்? விஞ்ஞானிக்குக் கிடைக்கும் பயிற்சியும் தடுப்பூசியும் மருத்துவப் பரிசோதனையும் அவருக்கும் கிடைக்க வேண்டும்.

ஆகவே கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறோம். கிருமி ஆய்வுக்கூடங்களில் நடக்கும் சிறு விபத்தையும் பதிவு செய்து ஆண்டுதோறும் மக்கள் முன் வெளியிட வேண்டும். விசாரிக்கும் குழுவில் அந்தக் கூடத்தோடு பணத் தொடர்புள்ளவர் இருக்கக்கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே பாதுகாப்பு, அதே காப்பீடு வேண்டும். தீர்மானத்தைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கள் கைநாட்டு வைக்கலாம். மேசை வாசல் பக்கம் இருக்கிறது.