ஊர்மன்றமும் பழங்கட்டடங்களும்



திருச்சிராப்பள்ளியில் மேலப் புலிவார்டு ரோடு, கீழப் புலிவார்டு ரோடு என்று இரண்டு சாலைகள் உண்டு. மருங்காபுரியிலிருந்து முதன்முறை இந்நகருக்கு வந்த சிறுவனாகிய நான், அங்கே புலி எங்கே என்று என் தந்தையாரைக் கேட்டேன். அவருக்கும் விடை தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே உண்மை விளங்கிற்று. ‘பூல்வார்’ என்பது பிரெஞ்சு மொழிச் சொல். கோட்டை அரண் என்பதே அதன் பழம்பொருள். பாரிஸ் நகரில் மதிலை இடித்துவிட்டு அது நின்ற இடத்தில் அகன்ற சாலைகளை அமைத்தபோது, அச்சாலைகளுக்கும் அப்பெயரே நிலைத்தது. ஆங்கிலேயர் வாயிலாக அச்சொல் இங்கே வந்து, நம் மக்கள் நாவில் ‘புலிவார்டு’ ஆயிற்று.

ஆகவே, அந்தச் சாலையில் புலி இல்லை. மறைந்துபோன ஒரு மதில் இருக்கிறது. நாயக்கர் காலத்துத் திருச்சிக் கோட்டையைச் சுற்றி மதிலும் அகழியும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள், சாலை போட்டார்கள். மெயின்கார்டு கேட் என்று நாம் அழைக்கும் வாயில் மட்டும் எஞ்சி நிற்கிறது. மதுரையிலும் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இதுவே நிகழ்ந்தது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்க்கு அந்த நிலம் உரியது என்று அறிவித்து, வேலையை முடித்தார்கள். அங்குள்ள மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்பணியை முன்னின்று நடத்தியவர்களின் பெயர் தாங்கியவை.

அந்த மதில்களை இடித்தது தவறு என்று நான் வாதாட வரவில்லை. நெருக்கமான ஊருக்குக் காற்றும் வழியும் தேவைப்பட்டன. நான் கருதுவது வேறு. அன்று முடிவு செய்தவர் ஒருவர்; ஊராரைக் கேட்பதற்கு ஒரு மன்றம் இல்லை. இன்று மன்றம் இருக்கிறது. திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866இல் தோன்றியது. 1994இல் திருவரங்கமும் பொன்மலையும் அதனோடு இணைந்து மாநகராட்சி ஆயிற்று. 1992இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் உறுதியான இடம் அளித்தன. நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்க பணிகளின் பட்டியலில் பண்பாட்டை வளர்ப்பதும் ஒன்று. கேட்பதற்கு இடம் உள்ள காலத்தில் கேளாமல் இருப்பதுதான் குற்றம். அக்குற்றத்தை நானே செய்திருக்கிறேன். அதனைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்தேன்.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அச்செய்தி கேட்டு உறங்காத ஆசிரியர் தமிழ்நாட்டில் ஒருவரும் இருந்திருக்க முடியாது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அது மிகச் சரியான செயல். அப்போது நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியிலும் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது; பிரித்தோம். அதே காகிதத்தில், கொட்டகையை அடுத்திருந்த பழைய ஓட்டுக் கட்டடமும் சேர்க்கப்பட்டிருந்தது. சுண்ணாம்புக் காரைச் சுவரும் தேக்கு உத்திரமும் கொண்ட நீண்ட கூடம் அது. பொறியாளர் எவரும் ஏணி வைத்து மேலேறிப் பார்க்கவில்லை. பழுது பார்த்தால் என்ன செலவாகும் என்ற மதிப்பீடும் இல்லை. ‘இடித்துவிடலாம் எனப் பரிந்துரைக்கிறேன்’ என்ற வரியின் கீழ் நான் கையெழுத்திட்டேன். மன்றத்தில் அத்தீர்மானம் விவாதமின்றி நிறைவேறிற்று.

இரண்டு நாளில் விழுந்துவிடும் என்று எண்ணிய கட்டடம் பதினொரு நாள் விழ மறுத்தது. உத்திரங்களைக் கீழே இறக்கியபோது வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவர் அவற்றைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மரத்தில் பூச்சி அரிப்பே இல்லை. அவை அற்ப விலைக்கு ஏலம் போயின.

சில திங்கள் கழித்து எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். வெற்றிடத்தைச் சற்று நேரம் பார்த்து நின்றார். “ஐயா, இந்தக் கூடத்துக்கு என் பாட்டனார் வண்டி வண்டியாய்ச் செங்கல் கொண்டு வந்து இறக்கினார். ஊர் கூடிக் கட்டினது. இடிக்கும் முன்னே எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். “பெரியவரே, பிள்ளைகளின் உயிரை எண்ணித்தான் செய்தோம்” என்றேன். “உயிரை எண்ணினது சரி ஐயா, கூரையைப் பார்த்தீர்களா?” என்று அவர் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

நண்பர்களே, அவருடைய கேள்வியைத்தான் ஒவ்வொரு மன்றமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய கட்டடம் என்பதும் பழுதான கட்டடம் என்பதும் ஒன்றல்ல. பழுதான கட்டடம் எதுவாயினும் அதனடியில் ஒரு குழந்தையையும் உட்கார வைக்கலாகாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை நாம் மறக்க முடியாது. எனவே, பார்த்தறிந்து இடிப்பது கடமை. பாராமல் இடிப்பது சோம்பல். பார்த்தும் பழுது நீக்காமல் விடுவது அவ்விரண்டினும் கொடிது.

இந்த மூன்றாவது தவற்றுக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருவரங்கம் அரங்கநாதர் கோயிலின் திருப்பணி மரபு முறையில் செய்யப்பட்டமைக்காக 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது அக்கோயிலுக்குக் கிடைத்தது. மழைநீர் வடியும் பழைய வழிகளையும் அப்பணியில் புதுப்பித்தார்கள். நாடே பெருமை கொண்டது. அதே கோயிலின் கிழக்குக் கோபுரத்தில் கீழ்நிலைகளின் ஒரு பகுதி 2023 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவுக்குப் பின் பெயர்ந்து வீதியில் விழுந்தது. விரிசல் முன்பே தெரிந்திருந்தது. பகலில் மக்கள் இடையறாது நடக்கும் வீதி அது. இரவாதலால் ஒருவருக்கும் தீங்கில்லை. விரிசலைக் காண்பதற்கும் வேலையைத் தொடங்குவதற்கும் இடையே கழியும் நாட்களே பழங்கட்டடத்தின் பெரும்பகை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

புதுச்சேரியில் கடற்கரையை நோக்கி நின்ற நகர மண்டபத்தை ‘மேரி’ என்பார்கள். பிரெஞ்சு மொழியில் அதற்கு நகராட்சி மனை என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் அக்கட்டடம் 2014 நவம்பர் 29ஆம் நாள் பெருமழையில் சரிந்தது. பின்னர் அதே வடிவில் புதிதாக எழுப்பி 2021இல் திறந்தார்கள். காண்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும், தாத்தாவின் கைத்தடியைப் போலவே ஒரு தடி செய்துகொள்ளலாம். அவர் கைபட்ட வழவழப்பு அதில் இராது.

நம் கொள்ளிடத்து இரும்புப் பாலமும் நினைவுக்கு வருகிறது. 1928இல் திறந்த அப்பாலத்தின் மீது எத்தனை முறை பேருந்தில் சென்றிருப்பேன்! 2016இல் புதிய பாலம் வந்தபின் பழையதில் வண்டிகள் நின்றன. மக்கள் காலையில் அதன்மேல் நடந்து காற்று வாங்கினர். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் சாய்ந்தன. 2022இல் அதை அகற்றும் பணி தொடங்கிற்று. பயன் ஒழிந்த பொருளுக்குப் புதுப்பயன் ஒன்றைக் காலத்தே வகுத்துத் தராவிட்டால் ஆறே தீர்ப்பெழுதிவிடும்.

இதற்கு மாறான காட்சியும் இவ்வூரிலேயே உண்டு. மலைக்கோட்டை அடிவாரத்தில் நாயக்கர் காலத்து அரண்மனையின் கொலுமண்டபம், இராணி மங்கம்மாள் மகால் என்ற பெயரோடு நிற்கிறது. அரசு அருங்காட்சியகம் அதில் இயங்குகிறது. அரசர் இல்லை; ஆனால் நாள்தோறும் கதவு திறக்கிறது, தரை பெருக்கப்படுகிறது, கூரை ஒழுகினால் ஒருவர் கண்ணில் படுகிறது. ஒரு கட்டடத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

‘இவற்றைக் காக்கச் சட்டம் இல்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. தேசியச் சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டமும், மாநிலச் சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் ஊரின் பழைய சத்திரம், சாவடி, பள்ளிக்கூடம், அங்காடி வாயில் போன்றவற்றுள் பெரும்பாலானவை அவ்விரு பட்டியல்களிலும் இடம் பெறுவதில்லை. சென்னை அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்சு கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். பண்பாட்டு ஆர்வலர்கள் வழக்காடினர். 2010இல் உயர்நீதிமன்றம் கட்டடத்தைக் காக்கும்படி தீர்ப்பளித்தது. 2012இல் தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. எனினும், ஒவ்வொரு சாவடிக்கும் நீதிமன்றப் படி ஏற இயலுமா? ஊரின் தீர்ப்பு ஊரிலேயே பிறக்க வேண்டும்.

‘பணத்துக்கு எங்கே போவது? குடிநீருக்கே தட்டுப்பாடு’ என்று மன்ற உறுப்பினர் சொல்வது பொய்யன்று. அதனால்தான் நான் எல்லாவற்றையும் காக்கச் சொல்லவில்லை. இடிக்கும் தீர்மானத்துக்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை வேண்டும் என்கிறேன். பழங்கட்டடப் பணி அறிந்த பொறியாளர் நேரில் பார்த்தாரா? பழுது நீக்கும் செலவும் இடித்துக் கட்டும் செலவும் அருகருகே வைக்கப்பட்டனவா? ஊராரைக் கேட்டாயிற்றா? இம்மூன்றுக்கும் ஆகும் செலவு சிறிது. பழுது பார்ப்பதிலும் அறிவு வேண்டும். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரைக் கெடுக்கும். கோபுரத்து அரசங்கன்றை முளையிலேயே களைந்தால் கைவேலை. மரமாக விட்டால் பெருஞ்செலவு.

மாணவர்களே, உங்களால் என்ன ஆகும் என்று எண்ணாதீர்கள். நம் பொதுப் பண்பாட்டின் செல்வத்தை மதித்துப் பேணுவதைக் குடிமக்களின் கடமையாகவே அரசியலமைப்பு வகுத்துள்ளது. உங்கள் ஊரின் பழைய கட்டடங்களைப் பட்டியலிடுங்கள். யார் கட்டியது, எப்போது, எதனால் ஆனது, எங்கே ஒழுகுகிறது என்று முதியோரைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள் ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாக்காளராகிவிட்டவர் எழுந்து பேசுங்கள். ஆகாதவர் உங்கள் குறிப்பேட்டைத் தாய் தந்தையர் கையில் கொடுத்தனுப்புங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறிய ஒரு வரி, பத்துக் கட்டுரைகளினும் வலிமை உடையது.

என் பள்ளியின் கூடம் இருந்த இடத்தில் இப்போது உறுதியான புதுக் கட்டடம் நிற்கிறது. பிள்ளைகள் நன்றாகவே படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. தம் ஊர் ஒருகாலத்தில் ஒன்றுகூடித் தமக்காக ஒரு கூடம் கட்டியது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அதைத் தெரிவிக்கும் சாட்சியை அகற்ற நான் கையெழுத்திட்டேன். நீங்கள் நாளை மன்ற உறுப்பினராகவோ, பொறியாளராகவோ, தலைமையாசிரியராகவோ அமர்வீர்கள். அப்போது உங்கள் முன் அத்தகைய ஒரு காகிதம் வரும். பேனாவைத் திறக்கும் முன், எழுந்து போய்க் கூரையைப் பாருங்கள்.